கரைசலும் ஒரு கம்பிதான்

கால் மணி நேரத்தில் ஜாடித் தண்ணீர் செம்மண் குட்டை மாதிரி ஆகிவிட்டது. ஊற்றும்போது பளிங்காக இருந்த தண்ணீர். இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, ஒரு கரண்டி சமையல் சோடா, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் காரின் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர், அவ்வளவுதான் ஏற்பாடு. குமிழி வந்தது, நிறையவே வந்தது. கூடவே பழுப்பு நுரையும் வந்தது, ஜாடியைத் தொட்டால் கை சுட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. தண்ணீரிலிருந்து எரிவாயு! இதை ஒரு குழாய் வழியாக எஞ்சினின் காற்று வழிக்குள் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று எங்கெங்கோ படித்ததெல்லாம் கண்முன்னே நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

மிச்சமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை ஒளித்து வைக்க இது துப்பறியும் கதை இல்லை. ஆனால் அந்த ஜாடியோடும் பிறகு செய்த பெட்டிகளோடும் மல்லுக்கட்டிய எட்டு மாதத்தில் ஒயரிங்கைப் பற்றியும் காரக் கரைசலைப் பற்றியும் கற்றுக்கொண்டது ஏராளம்.

வண்டி ஒயரிங்கிலேயே காலம் தள்ளிய அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். ஜாடியைக் காட்டினேன். சிரிக்கவில்லை. பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்து தகட்டில் நிறுத்தினார்.

"தம்பி, இந்த ஒயர் எங்க முடியுது?"

"பிளஸ் தகட்டுலண்ணே."

"அப்ப கரன்ட் எப்படி அந்தப் பக்கம் போகுது?"

தண்ணீர் வழியாக என்றேன்.

"அப்ப தண்ணியும் ஒயர்தானே? அது எத்தனை எம்.எம். ஒயர்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை. எந்த உப்பைப் போட்டால் அதிக வாயு வரும், எந்தப் பொடியில் 'சக்தி' அதிகம் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் போடும் பொருள் எரிபொருள் இல்லை, அது செலவாகவும் செய்யாது (உருப்படியான ஒன்றைப் போட்டிருந்தால்). செலவாவது தண்ணீர் மட்டும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைக் கடத்த மறுக்கிறது என்பதால் அதைக் கம்பியாக்கத்தான் அந்தப் பொடி. எலக்ட்ரோலைட் என்ற சொல்லை விஞ்ஞானி ஃபாரடே 1834இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் மின்பகுளி என்கிறோம். எனக்கு அது அன்றிலிருந்து 'ஈரக் கம்பி'.

கம்பி என்று பார்க்கத் தொடங்கியதும் பல விஷயம் தானாகவே சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் எவ்வளவு நன்றாகக் கடத்தினாலும் செம்பு அதைவிடப் பத்து லட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும். அவ்வளவு மோசமான கம்பியை வைத்து 20 ஆம்பியர் ஓட்ட வேண்டுமென்றால் அது குட்டையாகவும் தடிமனாகவும் இருக்க வேண்டும். தகடுகளுக்கு நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஜாடியில் தொங்கவிட்டது எவ்வளவு அபத்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்து செய்த பெட்டியில் 18 சென்டிமீட்டர் சதுரத் தகடுகள், நடுவே 3 மில்லிமீட்டர் ரப்பர் கேஸ்கெட். ஈரக் கம்பியின் நீளம் 3 மில்லிமீட்டர், குறுக்குப் பரப்பு, கேஸ்கெட் மறைக்கும் ஓரம் போக, கிட்டத்தட்ட 250 சதுர சென்டிமீட்டர்.

ஆனால் ஜாடி சூடானதற்கு இடைவெளி மட்டும் காரணமில்லை. தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தபட்சம் 1.23 வோல்ட் வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் எடுக்காமல் பிரிக்க 1.48 வோல்ட். தகட்டின் மேற்பரப்பில் ஏற்படும் தயக்கத்தையும் சேர்த்தால் நடைமுறையில் 2 வோல்ட் அளவில் வேலை நடக்கும். எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது 13.8 வோல்ட். இரண்டே தகட்டுக்கு நடுவில் அதை அப்படியே கொடுத்தால் 1.48 போக மீதி 12.3 வோல்ட்டும் வெப்பம்தான். என் ஜாடி 12 ஆம்பியர் இழுத்தது. அப்படியென்றால் ஏறக்குறைய 148 வாட் தண்ணீரைச் சூடாக்கவே போனது. நான் ஹைட்ரஜன் அடுப்பு செய்வதாக நினைத்து வாட்டர் ஹீட்டர் செய்திருக்கிறேன்.

இதற்கு மருந்து, தகடுகளை வரிசையாக அடுக்குவது. முதல் தகட்டுக்கு பிளஸ், கடைசித் தகட்டுக்கு மைனஸ், நடுவில் இருப்பவற்றுக்கு ஒயரே கிடையாது. ஒயர் இல்லாத தகட்டை எதற்கு வைக்க வேண்டும் என்று முதலில் குழம்பினேன். நடுத்தகட்டின் ஒரு முகம் ஒரு அறைக்கு மைனஸாகவும் மறுமுகம் அடுத்த அறைக்கு பிளஸாகவும் தானாகவே ஆகிவிடும். ஏழு தகடு என்றால் ஆறு அறை, அறைக்கு 2.3 வோல்ட். எட்டுத் தகடு என்றால் ஏழு அறை, அறைக்கு 1.97. ஒரே 20 ஆம்பியர் எல்லா அறைக்குள்ளும் புகுந்து புறப்படுகிறது, ஒவ்வொரு அறையிலும் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. பேட்டரிக்கு அது 20 ஆம்பியர்தான். வாயுவோ ஆறு மடங்கு, ஏழு மடங்கு.

இங்கே ஒரு ஓட்டை உண்டு, அசல் ஓட்டைதான். கரைசல் எல்லா அறைக்கும் போய்வரவும் வாயு வெளியேறவும் தகடுகளில் துளை போடுவோம். கரைசல் ஒரு கம்பி என்றால் அந்தத் துளை வழியாகவும் கம்பி போகிறது. மின்சாரம் நடுத்தகடுகளில் வேலை செய்யாமல் குறுக்கு வழியில் நழுவிவிடும். தொட்டிக்குள் தகட்டுக் கொத்தை மூழ்கடிக்கும் பழைய அமைப்பில் ஓரம் முழுக்கவே குறுக்கு வழி. ஓரத்தை கேஸ்கெட்டால் அடைத்த 'டிரை செல்' நன்றாக இருப்பதற்கு வேறு மந்திரம் எதுவும் இல்லை. கீழே ஒரு சின்னத் துளை, மேலே ஒரு சின்னத் துளை, அடுத்தடுத்த தகட்டில் எதிரெதிர் மூலையில். என் முதல் பெட்டியில் பெரிய துளையாகப் போட்டு, தகடுகளைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

வாயு எவ்வளவு வரும் என்பதை ஃபாரடேயின் விதிப்படி கணக்கிட ஒரே ஒரு எண் போதும். ஒரு அறையில் ஒரு ஆம்பியர் ஓடினால் நிமிடத்துக்கு 11.4 மில்லி லிட்டர் கலப்பு வாயு, 25 டிகிரியில். இதில் மூன்றில் இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன். 20 ஆம்பியர், ஆறு அறை என்றால் 1.37 லிட்டர். ஏழு அறை என்றால் 1.6 லிட்டர். இதற்கு மேல் ஒரு சொட்டு வாயு கூட யாராலும் எடுக்க முடியாது. எந்த உப்பு, எந்தத் தகடு, எந்த அலைவரிசை என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள் வராது. ஒரு லிட்டர் பாட்டிலில் நீரை நிரப்பி, தொட்டிக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே குழாயைச் செருகி ஸ்டாப் வாட்சை அழுத்தினேன். ஆறு அறைப் பெட்டிக்குக் கணக்குப்படி 44 வினாடி வர வேண்டும். 46 வந்தது. சந்தோஷத்தில் நான்கு முறை அளந்தேன். ஃபாரடே கணக்கு என் வீட்டுப் பெட்டியிலும் பிசகாமல் நின்றது.

இதே கணக்கை மிஞ்சி இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் என்று சொல்பவர்களும் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பெட்டி 60 டிகிரி சூட்டில் இருக்கும்போது வெளியே வருவதில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் நீராவி. சூட்டில் வாயுவும் விரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து 40 விழுக்காடு வரை கூடுதலாகக் காட்டும். குளிர்ந்த நீருக்குள் விட்டு அளந்தால் அந்த நாற்பதும் காணாமல் போய்விடும்.

சரி, எந்தப் பொடி என்ற கேள்விக்கு வருகிறேன். கம்பி என்ற கண்ணோடு பார்த்தால் மூன்றே கேள்வி: நன்றாகக் கடத்துகிறதா, தகட்டைத் தின்கிறதா, தானே சிதைகிறதா.

உப்பு நன்றாகவே கடத்தும். ஆனால் பிளஸ் தகட்டில் ஆக்சிஜனுக்குப் பதில் குளோரின் வரும். மூக்குக்கும் கேடு, தகட்டுக்கும் கேடு, எஞ்சினுக்கும் கேடு. வினிகர் கம்பி என்ற பெயருக்கே லாயக்கில்லை. பேட்டரி அமிலம் பிரமாதமாகக் கடத்தும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் பிரமாதமாகக் கரைக்கும். அதற்கு ஈயத் தகடு வேண்டும். போகட்டும்.

சமையல் சோடாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறோம். வீட்டிலேயே இருக்கிறது, கையைச் சுடாது, விஷமில்லை. ஆனால் நல்ல காரக் கரைசல் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குதான் கடத்தும். ஓட ஓடக் கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். குமிழி நிறைய வருகிறதே என்று மகிழ்ந்தால் அதில் ஒரு பங்கு தீயை அணைக்கும் வாயு. இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். அந்தப் பழுப்புச் சேற்றை மன்னிக்க முடியாது. அது தண்ணீர் அழுக்கு இல்லை, தகடு கரைந்து வந்த இரும்பு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இரும்போடு குரோமியமும் நிக்கலும் உண்டு. பிளஸ் தகட்டில் குரோமியம் ஆறு இணைதிற நிலைக்கு ஏறிக் கரையும். மேலே தெளிந்து நிற்கும் நீர் லேசான மஞ்சளாக இருந்தால் அதுதான். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு. 'விஷமில்லாத' பொடியைப் போட்டு விஷத்தைத் தயாரித்திருக்கிறேன். முதல் ஜாடியைக் கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பிறகு வந்த கழிவையெல்லாம் மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, ரசாயனக் கழிவாகத்தான் ஒப்படைத்தேன்.

மிஞ்சுவது இரண்டு. காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு, அதன் பெரியப்பா மகன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இரண்டும் தகட்டைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மாதக்கணக்கில் ஓட்டினால் மெல்லிய மஞ்சள் தெரியலாம், அதனால் முழுக்கச் சாது என்றும் நம்பிவிடக் கூடாது. 18 டிகிரியில் பார்த்தால் சோடியம் வகை எடையில் 15 விழுக்காட்டுக் கரைசலில் உச்சத்தைத் தொடுகிறது, அதற்கு மேல் போட்டால் கரைசல் கொழகொழப்பாகிக் கடத்தும் திறன் இறங்குகிறது. பொட்டாசியம் வகை 28 விழுக்காடு வரை ஏறிக்கொண்டே போகும். உச்சத்தில் சோடியத்தைவிட ஒன்றரை மடங்கு நன்றாகக் கடத்தும். மின்சாரத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது இரண்டிலும் இருக்கிற ஹைட்ராக்சைடு அயனிதான். கூட ஓடிவரும் கூட்டாளி யார் என்பதில்தான் வித்தியாசம். பொட்டாசியம் தன்னைச் சுற்றி நீரை அவ்வளவாக ஒட்டவைத்துக்கொள்ளாது, அதனால் வேகமாக நகரும். ஆலைகளில் இருக்கும் காரவகை மின்னாற்பகுப்புக் கருவிகளும் 25 முதல் 30 விழுக்காடு பொட்டாசியம் கரைசலைத்தான், 70 - 90 டிகிரிச் சூட்டில், நிக்கல் மின்முனைகளோடு ஓட்டுகின்றன.

கலக்கும் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. வெள்ளை வில்லைகள், பார்க்கச் சாக்லேட் மிட்டாய் போல அப்பாவியாக இருக்கும். தட்டில் நான்கு வில்லையை வைத்துவிட்டுத் தராசை எடுத்து வந்தேன், அதற்குள் அவை வியர்த்து மினுமினுத்தன. காற்றிலிருக்கும் ஈரத்தை அப்படி இழுக்கும். காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சங்கொஞ்சமாகப் போட வேண்டும். வில்லையின் மேல் நீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். நூறு கிராம் போடுவதற்குள்ளேயே பிளாஸ்டிக் குடுவை கை பொறுக்காத சூடு. கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, நீள ரப்பர் கையுறை, பக்கத்தில் திறந்துவிட்டால் போதும் என்ற தூரத்தில் தண்ணீர்க் குழாய். தோலில் பட்டால் முதலில் எரியாது, சோப்பு பட்டது போல் வழுக்கும். அது சோப்பு அல்ல, நம் தோலின் கொழுப்பு சோப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. அலுமினியப் பாத்திரத்தில் கலந்தால் பாத்திரமே குமிழி விட்டுக் கரையும். குழாய் நீர் வேண்டவே வேண்டாம், அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் மாவாகப் படியும்.

எவ்வளவு அடர்த்தி? நான் நீண்ட நாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தது இங்கேதான். ஆறு அறைப் பெட்டிக்கு லிட்டருக்கு 20 கிராம் போட்டாலே 20 ஆம்பியர் வந்துவிட்டது. இன்னும் போட்டால் ஆம்பியர் எகிறியது. அதனால் 'குறைவாகப் போடுவதே சிக்கனம்' என்று முடிவுகட்டினேன். யோசித்துப் பார்த்தால், அறைக்கு 2.3 வோல்ட் கொடுக்கிறோம், வேலைக்குத் தேவை 1.95 என்றால் மீதி 0.35 வோல்ட்டை எங்கேயாவது எரித்தாக வேண்டும். நீர்த்த கரைசலை நான் ஒரு தடையாக, கையில்லாத ரெகுலேட்டராகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். கம்பியை வேண்டுமென்றே மோசமாக்கி ஆம்பியரைக் கட்டுப்படுத்துவது. அடர்த்தியான கரைசலின் உண்மையான பயன் வேறு. கம்பி நன்றாக இருந்தால் எரிக்க வேண்டிய வோல்ட் குறையும், அந்த மிச்சத்தில் ஏழாவது அறையைச் சேர்க்கலாம். எட்டாவது தகட்டை வைத்து 28 விழுக்காட்டுக் கரைசலை ஊற்றியதும், சூடேறிய பிறகு அதே 20 ஆம்பியர். வாயு மட்டும் நிமிடத்துக்கு 200 மில்லிக்கு மேல் கூடியது, வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ஒரு மாலை நேரம் எனக்கு இந்த எட்டு மாதத்துக்கே போதும்.

தகடுகளை மணல் தாளால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்ததும் உதவியது. வழவழப்பான தகட்டில் குமிழி பெரிதாகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். குமிழி இருக்கும் இடத்தில் கம்பி இல்லை.

இனி செம்புக் கம்பி. அண்ணன் சொன்ன ஒயர் 6 சதுர மில்லிமீட்டர். என் கையில் இருந்தது 2.5. போகவும் வரவும் ஆறு மீட்டர் ஓட்டம், 20 ஆம்பியர். 2.5இல் 0.83 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 6இல் 0.34. சிரமப்பட்டு ஈரக் கம்பியில் மிச்சம் பிடித்த 0.3 வோல்ட்டை உலர்ந்த கம்பியில் தாரை வார்ப்பது போல ஆகும். மைனஸை சேஸிஸில் எங்காவது பெயின்ட் மேல் திருகாமல் நேராக பேட்டரிக்கே இழுத்தோம். பிளஸில் ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் இருப்பது என் பெட்டியைப் பாதுகாப்பதற்கில்லை, ஒயர் எரியாமல் இருப்பதற்கு. ஆகவே ஒயர் தொடங்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லியும் நான் கோட்டை விட்டேன். ரெகுலேட்டர் வைப்பதற்கு முன், நீர்த்த கரைசல் காலத்தில், ஒருநாள் புறப்படும்போது ஆம்பியர் மீட்டரில் 14. சுமார் ஒரு மணி நேரம் கழித்து 27. கரைசல் சூடானால் நன்றாகக் கடத்தும், நன்றாகக் கடத்தினால் ஆம்பியர் ஏறும், ஆம்பியர் ஏறினால் இன்னும் சூடாகும். பூனை தன் வாலைத் துரத்தும் கதை. 30 ஆம்பியர் ஃபியூஸ் போகவில்லை. ஃபியூஸை வைத்திருந்த பிளாஸ்டிக் கூடு உருகி, பானட்டைத் திறந்தபோது ஒரு பக்கம் மெழுகு மாதிரி வழிந்திருந்தது. உள்ளே கவ்வும் தகடு தளர்வாக இருந்திருக்கிறது. அந்த இடத்தில் 0.03 ஓம் தடை இருந்தாலே 27 ஆம்பியரில் 22 வாட் வெப்பம். இது ஒரு சின்ன சால்டரிங் கோலின் சூடு. ஃபியூஸ் ஆம்பியரைத்தான் பார்க்கும், தளர்வைப் பார்க்காது.

அதன்பிறகுதான் பி.டபிள்யூ.எம். ரெகுலேட்டர் வந்தது. நொடிக்குப் பலநூறு முறை அணைத்து ஏற்றி, சராசரி ஆம்பியரை நிறுத்திவைக்கும். அதன் வேலை அவ்வளவுதான். துடிப்பின் அலைவரிசை 'சரியாக அமைந்தால்' தண்ணீர் தானாக உடையும் என்பதெல்லாம், தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன அமெரிக்கர் ஸ்டான்லி மேயர் காலத்திலிருந்து சுற்றிவரும் பேச்சு. அவருடைய 'நீர் எரிபொருள் கலத்தை' நிபுணர்கள் ஆராய்ந்து சாதாரண மின்னாற்பகுப்புதான் என்று சொல்ல, 1996இல் ஒஹையோ நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று தீர்த்து முதலீட்டாளர்களுக்கு 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

பெட்டிக்குப் போகும் மின்சாரத்தைத் தானாகத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயை எதனோடு இணைப்பது என்பதில் மட்டும் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். சாவி போட்டால் வேலை செய்வது கூடாது, எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்ய வேண்டும். சாவியை மட்டும் போட்டுவிட்டு யாரோடாவது ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால், ஏழெட்டு லிட்டர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் அமைதியாகச் சேரும். பிறகு ஸ்டார்ட் செய்வோம். ரிலேயின் சுருளை பெட்ரோல் பம்ப் சுற்றிலிருந்து எடுத்தோம், எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். ரிலேயும் தொடர்பு விடும்போது பொறி விடுகிற சாமான்தான், அதனால் வாயுக் குழாயிலிருந்து எட்டத்தில் வைத்தோம்.

பயம் எனக்கு ஒரு சோப்புக் குமிழியில் வந்தது. திறந்தவெளியில், எலுமிச்சை அளவுக் குமிழி ஒன்று, பெட்டியிலிருந்து குழாயைக் கழற்றி எடுத்துப்போய், நீளக் குச்சியின் நுனியில் நெருப்பு. காதில் அடைப்பான் வைத்திருந்தும் ரீங்காரம் நிற்க நேரமாயிற்று. இந்தக் கலவையில் எரிபொருளும் ஆக்சிஜனும் சரியான விகிதத்தில் முன்பே கைகோத்து நிற்கின்றன. சட்டை உரசும் பொறியே அதற்கு அதிகம். பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே நீர் நிரம்பிய பப்ளர் இருந்தே ஆக வேண்டும், தீ திரும்பி ஓடிவந்தால் நீரில் நிற்கும். ஒருவழி வால்வை நம்பக் கூடாது, அது திரவத்துக்கும் காற்றுக்கும் செய்தது, சுடருக்கு அது மூடும் கதவல்ல. வாயுவைச் சேர்த்து வைக்க எந்தக் கலனும் கூடாது, உண்டாக உண்டாக எரிய வேண்டும். பப்ளருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வாயுவோடு காரத் துளியும் நுரையாக ஏறிவரும். எஞ்சினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் உடலும் பிஸ்டனும் அலுமினியம். பாத்திரத்துக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேரும்.

இந்தக் கார ஏற்றத்தை மைனஸ் முனையில் கண்ணால் பார்க்கலாம். எவ்வளவு இறுக்கினாலும் மைனஸ் போல்ட்டைச் சுற்றி ஈரம் கசிந்து மேலே ஏறும், காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைப் பூவாகப் பூக்கும். வாரம் ஒருமுறை துடைப்பேன், மறுவாரம் பூத்திருக்கும். பிளஸ் முனை மட்டும் சுத்தமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. சூடில்லை, கசிவில்லை, மணிக்கு 47 மில்லி தண்ணீர் குறைகிறது, கணக்கு அச்சாக நிற்கிறது. ஒரு டாங்க் பெட்டியோடு, ஒரு டாங்க் பெட்டியை அணைத்துவிட்டு என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். ஒரே நிலையில் ஓடிய இரண்டு டாங்குக்கு நடுவே இருந்த வித்தியாசமே பெட்டிக்கும் பெட்டியின்மைக்கும் இருந்ததைவிடப் பெரிதாக வந்தது. என் வலதுகாலின் மனநிலையைத்தான் அளந்திருக்கிறேன்.

நோட்டுப் புத்தகத்தோடு அண்ணனிடம் போனேன். இந்த முறை விரல் எதிர்ப்பக்கம் போனது. தகட்டிலிருந்து ரெகுலேட்டர், ரிலே, ஃபியூஸ், பேட்டரி.

"இந்த ஒயர் எங்க ஆரம்பிக்குது?"

"பேட்டரியில."

"பேட்டரிக்கு?"

ஆல்டர்னேட்டர், வண்டிக்குள்ளேயே மின்சாரம் தயாரிக்கும் சாமான். ஆல்டர்னேட்டருக்கு பெல்ட். பெல்ட்டுக்கு எஞ்சின். எஞ்சினுக்கு டாங்க். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பெட்டி இழுப்பது 276 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 விழுக்காடு என்று வைத்தால் எஞ்சின் அதற்கு 500 வாட் கொடுக்க வேண்டும். எஞ்சின் திறன் கால்வாசி என்றால் 2,000 வாட் பெட்ரோல் எரிய வேண்டும். மணிக்குக் கிட்டத்தட்ட 225 மில்லி. பதிலுக்குக் கிடைக்கும் ஹைட்ரஜன் 175 வாட், அதாவது மணிக்கு 20 மில்லி பெட்ரோலுக்குச் சமம். என் பெட்டி மோசமே இல்லை, வாங்கிய மின்சாரத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் எரிபொருளாகத் திருப்பிக் கொடுக்கிறது. நஷ்டம் முழுக்க நான் பார்க்காத ஒயரில் இருந்தது.

ஹைட்ரஜன் பெட்ரோலை நன்றாக எரியவைக்கும், அதில்தான் லாபம் என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில் பெட்ரோல் 98 விழுக்காடு ஏற்கெனவே எரிந்துவிடுகிறது, நன்றாக எரியவைக்க மிச்சமென்ன இருக்கிறது? நாசாவே 1970களில் பெட்ரோலோடு ஹைட்ரஜன் சேர்த்துச் சோதித்திருக்கிறது, 1977இல் அறிக்கையும் வந்தது. அங்கே ஹைட்ரஜன் சிலிண்டரிலிருந்தும் மெத்தனாலைப் பிரித்தும் வந்தது, ஆல்டர்னேட்டரிலிருந்து அல்ல. கலவையை மெலிதாக்கி, அதாவது காற்றைக் கூட்டிப் பெட்ரோலைக் குறைத்து, ஓட்டுவதற்காகக் கணிசமான அளவில் சேர்த்தார்கள். 1.2 லிட்டர் எஞ்சின் 2,000 சுற்றில், பாதி த்ராட்டிலில் நிமிடத்துக்கு 600 லிட்டர் அளவில் காற்று குடிக்கும். அதில் என் 1.6 லிட்டர் கால் விழுக்காடு. புகையில் ஆக்சிஜனை அளந்து எஞ்சினுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை ஏமாற்றும் சின்னப் பெட்டிகளைக் கூடவே மாட்டுகிறார்கள். அவை கலவையை மெலிதாக்குவதால் கொஞ்சம் மிச்சமானால் ஆகலாம். அதற்கு ஹைட்ரஜனே தேவையில்லை, புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கிக் கலனின் வேலைதான் கெடும்.

பெட்டியைக் கழற்றிவிட்டேன். தகடுகளைக் கழுவி, காகிதத்தில் சுற்றி, மேல் பரணில் வைத்திருக்கிறேன். மிச்சமிருந்த கரைசல் கேனின் மூடியைச் சுற்றி வெள்ளைப் பூ பூத்திருக்கிறது, அடுத்த கழிவு ஒப்படைப்புக்குக் காத்திருக்கிறது. ரிலேயும், புது ஃபியூஸ் கூடும், அந்த 6 சதுர மில்லிமீட்டர் ஒயரும் மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும் என்றார் அண்ணன். அவற்றை முகப்பு விளக்குக்குத் திருப்பிவிட்டார். முன்பெல்லாம் சுவிட்ச் வழியாக ஒல்லி ஒயரில் போய், பல்பு முனையில் அளந்தால் 12.1 வோல்ட் இருந்தது. இப்போது 13.4. ராத்திரியில் சாலை நன்றாகத் தெரிகிறது.